குழந்தையின் விளையாட்டும் பெரியோர் கடமையும்



ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை நம் மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். அவனுக்கு முகுந்தன் என்று பெயரிடுவோம். அவன் நம்முடைய கற்பனைச் சிறுவனே. ஆயினும் அவனைப் போன்றவர்கள் நம் தேசத்தின் எந்த நகரத்திலும் இருக்கிறார்கள். அவன் தகப்பனாருக்கு ரயில்வேயில் உத்தியோகம். திருச்சிராப்பள்ளியிலிருந்து நாகபுரிக்கு மாற்றலாகி ஆறு மாதங்கள் ஆகின்றன. வந்த இரண்டாம் மாதம் ஒரு தங்கை பிறந்தாள். பாட்டியோ திருச்சியிலேயே தங்கிவிட்டாள்.

மூன்று வயதிலேயே படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டுவிட்ட முகுந்தன் இப்பொழுது மீண்டும் நனைக்கிறான். யாரும் பார்க்காத வேளையில் தொட்டிலுக்கு அருகே சென்று தங்கையின் காலைக் கிள்ளுகிறான். பள்ளிக்கூடத்திலோ ஒரு வார்த்தை பேசுவதில்லை. மற்றக் குழந்தைகள் இந்தியிலும் மராத்தியிலும் கூவி விளையாடும்போது சுவரோரமாய் நிற்கிறான். சில சமயம் பக்கத்திலிருப்பவனின் வண்ணக்குச்சியைப் பிடுங்கி இரண்டாக ஒடிக்கிறான். பையன் சொன்னபடி கேட்பதில்லை என்று குறிப்பேட்டில் ஆசிரியை எழுதி அனுப்புகிறார். திருஷ்டிபட்டிருக்குமோ என்று தாயார் கலங்குகிறாள். கண்டிப்பு போதாது என்று தகப்பனார் கருதுகிறார். தனிப் பாடம் வைக்கலாமே என்று அண்டை வீட்டார் யோசனை கூறுகின்றனர். எல்லோரும் அவனை ஒரே கேள்வி கேட்கிறார்கள்: "ஏன் இப்படிச் செய்கிறாய்?" முகுந்தன் தலையைக் குனிந்துகொள்கிறான்.

அவன் எதையும் மறைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு விடை அவனிடம் இல்லை என்பதே உண்மை. ஆறு மாதத்திற்குள் அவன் தன் வீட்டை இழந்தான், பாட்டியை இழந்தான், தன் பேச்சைப் புரிந்துகொண்ட தோழர்களை இழந்தான், கடைசியாகத் தாயின் மடியையும் இழந்தான். வயது வந்தவர் ஒருவருக்கு இவ்வளவு நேர்ந்தால் நண்பரிடம் சொல்லி ஆறுவார். ஊருக்குக் கடிதம் எழுதுவார். ஐந்து வயதுக் குழந்தைக்கு அத்தகைய சொற்கள் இன்னும் கைவரவில்லை. துக்கம், பொறாமை, பயம் என்பவற்றைப் பிரித்தறிந்து பெயரிட்டுச் சொல்லும் ஆற்றல் பல ஆண்டுகள் கழித்தே வருவது. எனில், குழந்தை தன் நெஞ்சில் உள்ளதை எவ்வாறு வெளியிடுகிறது? விளையாட்டின் மூலமாக வெளியிடுகிறது. அந்த விளையாட்டைக் கொண்டே குழந்தையின் மனத் துன்பத்தை ஆற்றலாம் என்றும், அதைச் செய்யத் தக்க பயிற்சி பெற்ற தாய் தந்தையரும் ஆசிரியர்களுமே மிகவும் ஏற்றவர்கள் என்றும் மனநூல் அறிஞர் சிலர் கண்டனர். அதைப் பற்றியே இன்று நாம் பேசப்போகிறோம்.

விளையாட்டு என்றால் பொழுதுபோக்கு என்றே பெரும்பாலும் எண்ணுகிறோம். "விளையாடியது போதும், படி" என்று நாம் சொல்லாத நாள் இல்லை. ஆனால் நம் முன்னோர் இதனை அத்துணை எளிதாகத் தள்ளிவிடவில்லை. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் ஆண் குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுத்தனர். அவற்றுள் இறுதி மூன்றும் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று விளையாட்டினாலேயே பெயர் பெற்றவை. சிற்றில் பருவத்தில் சிறுமியர் கட்டிய மணல் வீட்டைப் பிள்ளை காலால் சிதைக்க வருகிறான். சிதைக்காதே என்று அவர்கள் வேண்டுகிறார்கள். குழந்தையின் உள்ளத்தில் கட்டும் ஆசையும் உண்டு, இடிக்கும் ஆசையும் உண்டு என்பதை அப்புலவர்கள் அறிந்திருந்தனர். இடிப்பதைக் குற்றமென்று கொள்ளாமல் பருவத்தின் இயல்பு என்று கொண்டு பாடினர். சொப்பு வைத்துச் சோறு ஆக்குவதும், மரப்பாச்சிக்கு ஊசி போட்டு மருந்து கொடுப்பதும், திண்ணைத் தூண்களைப் பிள்ளைகளாக்கிப் பிரம்பெடுத்துப் பாடம் நடத்துவதும் நம் வீடுகளில் எல்லோரும் கண்டவையே. நேற்று மருத்துவரிடம் ஊசி போட்டுக்கொண்டு அழுத குழந்தை இன்று தானே மருத்துவராகிறது. நேற்று தன்னை மீறி நடந்த ஒன்றை இன்று தன் கைக்குள் கொண்டுவந்து அடக்குகிறது. விளையாட்டின் ஆற்றும் தன்மை இதில்தான் அடங்கியிருக்கிறது.

மேல்நாட்டில் இதனை ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கியவர்களுள் வியன்னாவின் டாக்டர் பிராய்டு முன் நிற்கிறார். 1920-இல் வெளியிட்ட நூல் ஒன்றில், ஒன்றரை வயதான தம் பேரன் நூல் கட்டிய மர உருளை ஒன்றைத் திரைபோட்ட கட்டிலுக்குள் எறிந்து மறையச் செய்வதையும், மீண்டும் நூலைப் பிடித்து இழுத்து மகிழ்வதையும் அவர் விவரித்தார். தாய் தன்னை விட்டுப் போவதையும் திரும்பி வருவதையும் குழந்தை இவ்வாறு நடித்துப் பார்க்கிறது என்பது அவர் கண்ட பொருள். அதற்கும் முன்னர், 1909-இல், குதிரை தன்னைக் கடித்துவிடும் என்று அஞ்சித் தெருவுக்கு வர மறுத்த ஐந்து வயது ஹான்ஸ் என்னும் சிறுவனின் வரலாற்றை அவர் வெளியிட்டிருந்தார். இங்கு நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிராய்டு அச்சிறுவனை அச்சிகிச்சையின்போது ஒரே ஒருமுறைதான் நேரில் கண்டார். மற்றவை எல்லாம் சிறுவனின் தந்தை வழியாகவே நடந்தன. தந்தையே மகனுடன் பேசினார், குறிப்பெடுத்தார், மருத்துவருடன் கலந்துகொண்டார். குழந்தை மனச் சிகிச்சையின் முதல் வரலாறே பெற்றோர் கையால் நடந்த சிகிச்சையின் வரலாறு என்று சொல்லலாம்.

பின்னர் வந்தவர்கள் சிகிச்சையைச் சிகிச்சை அறைக்குள் கொண்டுபோயினர். மெலனி கிளைன் என்பவரும், பிராய்டின் மகளாகிய அன்னா பிராய்டும் வெவ்வேறு கருத்துக்களோடு இதனைப் பயன்படுத்தினர். லண்டனில் மார்கரெட் லோவன்பெல்டு என்னும் மருத்துவ மாது 1928-இல் ஒரு நிலையம் தொடங்கி, மணல் நிரப்பிய தட்டையும், வீடு, மரம், மிருகம், மனிதர் முதலிய சிறு பொம்மைகளையும் குழந்தைகள் முன் வைத்தார். குழந்தைகள் அந்த மணலில் தங்கள் உலகத்தையே படைத்துக் காட்டினர். அமெரிக்காவில் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் 1947-இல் விளையாட்டுச் சிகிச்சையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குழந்தையை உள்ளவாறே ஏற்றுக்கொள்ள வேண்டும்; அதன் உணர்ச்சியைக் கண்டு அதனிடமே எடுத்துக்கூற வேண்டும்; அவசரப்படுத்தலாகாது; குழந்தையே வழிகாட்ட, பெரியவர் பின்தொடர வேண்டும்; மிக அவசியமான கட்டுப்பாடுகளை மட்டுமே விதிக்க வேண்டும் என்பன அவர் வகுத்த நெறிகளின் சாரம். பள்ளியில் யாருடனும் கலவாது ஒதுங்கிக் கிடந்த டிப்ஸ் என்னும் சிறுவன் இவ்வழியில் மலர்ந்த வரலாற்றை அவர் 1964-இல் வெளியிட்டார்.

அதே 1964-ஆம் ஆண்டில்தான் மற்றொரு புதுமையும் அச்சேறியது. பெர்னார்டு கெர்னி என்பவர் தம் மனைவி லூயிஸ் கெர்னியுடன் சேர்ந்து வகுத்த முறையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சிகிச்சை வேண்டும் குழந்தைகளோ ஏராளம். தேர்ந்த சிகிச்சையாளரோ மிகச் சிலர். அன்றியும், வாரத்தில் ஒரு மணி நேரம் முன்பின் அறியாத ஒருவரிடம் மனம் திறக்கும் குழந்தை, மீதிப் பொழுது முழுவதையும் தாய் தந்தையரிடம் அல்லவா கழிக்கிறது? அவ்வாறிருக்க, சிகிச்சையாளருக்குத் தெரிந்ததைப் பெற்றோருக்கே கற்பித்தால் என்ன? இதுவே அவர்கள் கேட்ட கேள்வி. பெற்றோரைக் குற்றம் சாட்டுவது அக்காலத்து வழக்கமாக இருந்தது. குழந்தையின் குறைக்குத் தாயே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள். கெர்னி தம்பதியர் அவ்வாறு கருதவில்லை. பெற்றோரிடம் இருப்பது பெரும்பாலும் நோய் அன்று, அறியாமையே என்றும், அறியாமை பயிற்சியினால் நீங்கும் என்றும் அவர்கள் கொண்டனர். பெற்றோர் ஆறு முதல் எட்டுப் பேர் ஒரு குழுவாகக் கூடிக் கற்றனர். பிறர் விளையாடுவதைப் பார்த்தனர். தாம் செய்து காட்டித் திருத்தம் பெற்றனர். பிறகே வீட்டில் தொடங்கினர். வட டெக்ஸாஸ் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த காரி லாண்டிரெத் பின்னாளில் இதனைப் பத்து வாரப் பயிற்சியாகச் சுருக்கி அமைத்தார்.

இனி, அந்தப் பயிற்சியில் பெற்றோர் என்னதான் கற்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலாவது, நேரமும் இடமும். வாரத்தில் ஒரு நாள், அரை மணி நேரம். அதே நாள், அதே வேளை, அதே மூலை. வீடு சிறியதாயிருந்தால் பாய் ஒன்றை விரித்தால் போதும். அந்தப் பாயே விளையாட்டு அறை. அந்த அரை மணி நேரத்தில் தங்கையை வேறொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். கைப்பேசி வேறிடத்தில் இருக்க வேண்டும். குழந்தை நல்லவனாக நடந்தால்தான் விளையாட்டு என்பதோ, குறும்பு செய்ததால் இன்று கிடையாது என்பதோ கூடாது. மருந்தை யாரும் பரிசாகவும் தண்டனையாகவும் பயன்படுத்துவதில்லை அல்லவா?

இரண்டாவது, விளையாட்டுச் சாமான்கள். இவற்றுக்கு அதிகப் பணம் வேண்டியதில்லை. ஒரு பெட்டியில் தனியாக வைத்து அந்த நேரத்தில் மட்டும் எடுக்க வேண்டும். அப்பா, அம்மா, குழந்தை என்று கொள்ளத் தக்க சிறு பொம்மைகள்; சொப்புச் சாமான்கள்; மருத்துவர் வேடம் போட ஊசி, குழாய் போன்றவை; பசு, நாய் முதலிய வீட்டு மிருகங்களும், புலி, பாம்பு, முதலை போன்ற காட்டு மிருகங்களும்; கோபத்தில் குத்துவதற்கு ஒரு துணிப் பொம்மை; களிமண், வண்ணக்குச்சி, காகிதம்; விளையாட்டுத் தொலைபேசி; விளையாட்டுக் காசு. இவை சும்மா தேர்ந்தவை அல்ல. அன்பைக் காட்டவும், கோபத்தைக் காட்டவும், கற்பனையை வெளியிடவும் இடம் தருமாறு தேர்ந்தவை. தானே ஓடித் தானே பேசும் யந்திரப் பொம்மைக்கு இப்பெட்டியில் இடமில்லை. ஏனெனில் அது விளையாடும், குழந்தை பார்த்துக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, பேசும் முறை. இதுவே கடினமானது. அந்த அரை மணி நேரத்தில் பெற்றோர் கேள்வி கேட்கக் கூடாது, பாடம் சொல்லக் கூடாது, திருத்தக் கூடாது, யோசனை கூறக் கூடாது. குழந்தை மரத்துக்கு நீல வண்ணம் தீட்டினால் அது நீல மரம்தான். இவை எல்லாம் இல்லாமல் எதைத்தான் பேசுவது என்று கேட்கலாம். குழந்தை செய்வதையும், அதன் முகத்தில் தோன்றும் உணர்ச்சியையும் கண்ணாடி போல் எடுத்துக்கூற வேண்டும். "புலியை வீட்டுக்கு வெளியே வைத்துவிட்டாய்." "அந்தக் கட்டை நிற்கவே மாட்டேன் என்கிறது. உனக்கு எரிச்சலாய் இருக்கிறது." "நீயாகவே திறந்துவிட்டாய், உனக்குச் சந்தோஷம்." இவ்வளவே. கேட்பதற்கு அற்பமாய்த் தோன்றும். ஆனால் இச்சொற்களில் குழந்தைக்குக் கிடைப்பவை இரண்டு. தன் உணர்ச்சிக்குப் பெயர் உண்டு என்று அது அறிகிறது. அந்த உணர்ச்சியோடுகூடத் தன்னை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார் என்றும் அறிகிறது.

நான்காவது, கட்டுப்பாடு. இம்முறையைப் பற்றிக் கேள்விப்படும் பலர், "இது செல்லம் கொடுத்துக் கெடுப்பதல்லவா?" என்கின்றனர். அவ்வாறன்று. உணர்ச்சிக்குத் தடையில்லை, செயலுக்குத் தடை உண்டு. முகுந்தன் விளையாட்டின் நடுவே எழுந்து தொட்டிலை நோக்கிக் கட்டையை ஓங்குகிறான் என்று கொள்வோம். தாய் பதற்றமின்றி மூன்று படிகளில் பேச வேண்டும். முதலில் உணர்ச்சியை ஒப்புக்கொள்ள வேண்டும்: "பாப்பாவின் மேல் உனக்குக் கோபம் வருகிறது, கண்ணா." அடுத்து வரம்பைச் சொல்ல வேண்டும்: "ஆனால் பாப்பா அடிப்பதற்கு இல்லை." மூன்றாவதாக வேறு வழியைக் காட்ட வேண்டும்: "அந்தத் துணிப் பொம்மையைப் பாப்பா என்று வைத்துக்கொண்டு அடிக்கலாம்." நம் வழக்கமான கண்டிப்பில் நடுவில் உள்ள ஒரு படி மட்டுமே இருக்கிறது. முதற்படி இல்லாததால் குழந்தைக்குத் தான் பொல்லாதவன் என்ற எண்ணமே மிஞ்சுகிறது. மூன்றாவது படி இல்லாததால் கோபம் போக வழியின்றி உள்ளேயே தங்கிப் படுக்கையிலும் பள்ளியிலும் வேறு உருவில் வெளிப்படுகிறது.

முகுந்தனின் அரை மணி நேரம் எப்படிப் போகும் என்று ஓரளவு ஊகிக்கலாம். முதல் வாரம் அவன் நம்ப மாட்டான். "இதைத் தொடலாமா? அதை எடுக்கலாமா?" என்று தாயின் முகத்தையே பார்ப்பான். மூன்றாம் வாரம் புலி வந்து தொட்டிலில் உள்ள பொம்மையைத் தூக்கிக்கொண்டு போகும். ஒருமுறை அல்ல, பத்து முறை போகும். தாய்க்கு நெஞ்சு திடுக்கிடும். தடுக்கக் கூடாது, "அப்படிச் செய்யலாமா?" என்று நீதி புகட்டவும் கூடாது. "புலி பாப்பாவைக் கொண்டுபோய்விட்டது. இப்பொழுது வீட்டில் பாப்பா இல்லை" என்று சொன்னால் போதும். இடையில் ஒரு வாரம் அவன் நடத்தை முன்னிலும் மோசமாவதும் உண்டு. அடைத்துக் கிடந்தது வெளிப்படும்போது அவ்வாறு நேரும். அப்பொழுது சோர்ந்து நிறுத்திவிடாமல் தொடரவே குழுவும், வழிகாட்டும் சிகிச்சையாளரும் வேண்டும். பின்னொரு வாரம் அவன் ரயில் ஓட்டுவான். ரயில் பாட்டி வீட்டுக்குப் போகும், திரும்பி வரும், மீண்டும் போகும். வேறொரு வாரம், புலி தூக்கிச் சென்ற பொம்மையை அவனே மீட்டு வந்து, துணி போர்த்தித் தூங்கப் பண்ணுவான். எல்லாக் குழந்தைகளும் இந்த வரிசையிலேயே செல்லும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் பயத்திலிருந்து கோபத்துக்கும், கோபத்திலிருந்து பராமரிப்புக்கும் செல்லும் இந்த நடை, இத்துறையில் உழைத்தவர்கள் பன்முறை கண்டது.

இனி ஆசிரியரிடம் வருவோம். குழந்தையின் விழித்திருக்கும் வேளையில் பெரும்பகுதி பள்ளியில் கழிகிறது. பெற்றோருக்குக் கற்பிப்பதை ஆசிரியர்களுக்கும் கற்பிக்கலாம் என்பதைக் கெர்னி முன்னரே உணர்ந்திருந்தார். ஒதுங்கியிருக்கும் மாணவர்களுக்கு ஆசிரியர்களே விளையாட்டு நேரம் நடத்திய முயற்சியைப் பற்றி அவரும் பிளூமன் என்பவரும் 1970-இல் எழுதினர். 1997-இல் அமெரிக்காவிலேயே ஜோயன்னா ஒயிட் என்பவரும் அவர் துணைவர்களும் சிறு குழந்தைகளின் ஆசிரியர்களுக்கென்றே இத்தகைய பயிற்சி ஒன்றை வகுத்தனர். ஆசிரியர் முதலில் ஒரே ஒரு குழந்தையுடன் தனியே அமர்ந்து இம்முறையைப் பழகுகிறார். பின்னர் அதே பேச்சு முறையை வகுப்புக்குள் எடுத்துச் செல்கிறார்.

நாற்பது குழந்தைகளை வைத்துக்கொண்டு இது எவ்வாறு இயலும் என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமே. நாற்பது பேருக்கும் அரை மணி நேரம் ஒதுக்க இயலாது. ஆனால் அரை நிமிஷம் ஒதுக்கலாம். காலையில் முகுந்தன் வாயிலில் வரும்போது குனிந்து அவன் கண்களைப் பார்த்து, "இன்று புதுப் பை கொண்டுவந்திருக்கிறாய்" என்று சொல்ல அரை நிமிஷமே ஆகும். வண்ணக்குச்சியை ஒடிக்கும்போது, "உனக்குக் கோபம், ஆனால் குச்சி ஒடிப்பதற்கு இல்லை, இந்தக் காகிதத்தைக் கிழிக்கலாம்" என்று சொல்ல அவ்வளவு நேரங்கூட ஆகாது. புதிய மொழி பேசும் வகுப்பில் சேர்ந்த குழந்தை சில வாரங்கள், சில மாதங்கள்கூட, பேசாமல் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பது இயல்பு என்பதையும் ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். பேசு, பேசு என்று எல்லோர் முன்னும் வற்புறுத்தினால் அந்த மௌனம் இறுகும். களிமண்ணும் கட்டைகளும் மொழி கேட்பதில்லை. இரண்டு குழந்தைகளைச் சேர்த்துக் கட்டைகளைக் கொடுத்தால், தமிழும் மராத்தியும் எங்கேனும் ஓரிடத்தில் சந்திக்கும்.

பெற்றோரும் ஆசிரியரும் ஒரே முறையைப் பின்பற்றும்போது பயன் பெருகுகிறது. வீட்டில் ஒரு மொழியும் பள்ளியில் வேறொரு மொழியும் பேசும் குழந்தைக்கு, வீட்டில் ஒரு நீதி, பள்ளியில் வேறொரு நீதி என்னும் குழப்பமாவது நீங்க வேண்டாமா? ஆசிரியை குறிப்பேட்டில் எழுதும் புகாருக்குப் பதிலாக, இருவரும் ஒரு கால்மணி நேரம் அமர்ந்து, "வீட்டில் புதிய குழந்தை பிறந்திருக்கிறது, பாட்டியைப் பிரிந்திருக்கிறான்" என்ற ஒரு செய்தியைப் பரிமாறிக்கொண்டாலே ஆசிரியையின் கண்ணுக்கு முகுந்தன் வேறு சிறுவனாகத் தெரிவான்.

இது பயன் தருகிறது என்பதற்குச் சான்று உண்டா? உண்டு. அமெரிக்காவில் சூ பிராட்டன் என்பவரும் மூவரும் சேர்ந்து, 1953 முதல் 2000 வரை நடந்த 93 ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டு 2005-இல் வெளியிட்டனர். இவை சிகிச்சை பெற்ற குழந்தைகளையும் பெறாதவர்களையும் ஒப்பிட்ட ஆராய்ச்சிகள். பயனின் அளவு 0.80 என்று கண்டனர். அதாவது, சிகிச்சை பெற்ற சராசரிக் குழந்தையின் நிலை, பெறாத குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 79 பேரின் நிலையைவிட மேம்பட்டிருந்தது. அதனினும் கருதத் தக்கது ஒன்று. சிகிச்சையாளரே நடத்தியபோது இந்த அளவு 0.72; பயிற்சி பெற்ற பெற்றோர் நடத்தியபோது 1.15. அந்த ஆராய்ச்சிகள் எல்லாம் ஒரே தரத்தன அல்ல. ஆகவே எண்களை அளவோடு நம்புவதே அறிவுடைமை. ஆயினும், பெற்றோர் கலந்துகொள்ளும்போது குழந்தைக்குக் கிட்டும் நன்மை மிகுதி என்பது 2001-இல் 42 ஆராய்ச்சிகளைத் தொகுத்த லெபிளாங்க், ரிச்சி என்னும் வேறிருவரின் கணக்கிலும் தெரிகிறது. காரணம் வெளிப்படை. சிகிச்சையாளர் போய்விடுவார், தாய் தந்தையர் இருப்பார்கள்.

இம்முறையின் எல்லைகளையும் சொல்லாமல் விடுவது முறையாகாது. எல்லாக் குறைக்கும் இது மருந்தன்று. பேசாத குழந்தைக்குக் காது நன்றாய்க் கேட்கிறதா என்பதை முதலில் மருத்துவரிடம் சோதிக்க வேண்டும். படுக்கையை நனைக்கும் குழந்தைக்கு உடற்கோளாறு இல்லை என்று தெளிய வேண்டும். வளர்ச்சியில் தாமதம் தோன்றினால் அதற்குரிய நிபுணரைக் காண வேண்டும். வீட்டிலேயே கொடுமைக்கு ஆளான குழந்தைக்கு முதல் தேவை பாதுகாப்பு. அங்கே 1098 என்னும் குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் நினைவில் இருக்க வேண்டும். தாயே ஆற்ற முடியாத துயரத்தில் இருந்தால், அவளுக்கு உதவி கிடைத்த பின்பே அவளால் பிள்ளைக்கு உதவ இயலும். 2022-இல் தொடங்கிய மத்திய அரசின் மனநல உதவி எண்ணாகிய 14416-இல் தமிழிலும் பேசலாம். மேலும் ஓர் எச்சரிக்கை: குழந்தை விளையாடியதை உறவினர் கூட்டத்தில் கதையாகச் சொல்லிச் சிரிக்கக் கூடாது. "அன்று புலி ஏன் பாப்பாவைத் தூக்கிற்று?" என்று மறுநாள் விசாரிக்கவும் கூடாது. அது குழந்தை நம்மை நம்பிச் சொன்ன ரகசியம்.

இவையெல்லாம் மேல்நாட்டுக்குரியவை, நமக்குப் பொருந்துமா என்று சிலர் ஐயுறலாம். குழந்தையின் விளையாட்டைப் பெரியவர் மதிக்க வேண்டும் என்பது நம் தேசத்துக்குப் புதிதன்று. வக்கீல் தொழிலை விட்டுக் குழந்தைக் கல்விக்கு வந்த கிஜுபாய் பதேகா, பவநகரில் 1920-இல் பால மந்திரத்தைத் தொடங்கினார். அடியும் அச்சமும் இல்லாத பள்ளி அது. அவருடன் உழைத்த தாராபாய் மோடக் பிற்காலத்தில் அனுதாய் வாக்குடன் சேர்ந்து, மகாராஷ்டிரக் கரையோரத்துப் போர்டி கிராமத்தில் ஏழைக் குழந்தைகளின் வீட்டு முற்றத்துக்கே பள்ளியைக் கொண்டுசென்றார். 1937-இலேயே பம்பாயில் டாட்டா சமூகப் பணிப் பள்ளியினர் குழந்தை வழிகாட்டி நிலையம் ஒன்றைத் தொடங்கினர். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் இன்று ஏறத்தாழ 14 லட்சம் அங்கன்வாடிகள் நாடெங்கும் உள்ளன. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை நம் நாடு 1992-இல் ஏற்றது. மூன்று முதல் எட்டு வயது வரையிலான கல்விக்கு 2022-இல் வெளியான தேசியப் பாடத்திட்ட வரைவும் விளையாட்டையே அடிப்படையாகக் கொண்டிருக்கிறது.

ஆனால் குழந்தை மனநல நிபுணர்கள் பெரிய நகரங்களிலேயே பெரிதும் இருக்கிறார்கள். சிற்றூர்த் தாய்க்கு அவர்களை எட்டுவது அரிது. கெர்னி தம்பதியரை இம்முறைக்குத் தூண்டிய அதே பற்றாக்குறை இங்கே பன்மடங்கு பெரியது. ஆகவே, நிபுணர் ஒருவர் பத்துக் குழந்தைகளுக்குச் சிகிச்சை செய்வதோடு நில்லாமல், பத்துத் தாய்மாருக்கும் பத்து அங்கன்வாடிப் பணியாளருக்கும் பயிற்சி தருவதே நமக்கு உகந்த வழியென்று தோன்றுகிறது. அங்கன்வாடியில் பாயும் இருக்கிறது, பொம்மையும் இருக்கிறது, தாய்மாரும் வந்து கூடுகிறார்கள். வேண்டுவது அந்தப் பயிற்சி ஒன்றே.

அதுவரை நாம் காத்திருக்க வேண்டுமா? துன்பம் முற்றிய குழந்தைக்கு நிபுணரின் துணை அவசியமே. ஆனால் துன்பம் முற்றாத வீடுகளில், வாரத்துக்கு அரை மணி நேரம் குழந்தையோடு தரையில் அமர நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. தந்தையர் இதைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். உத்தியோகத்திலிருந்து களைத்து வரும் தகப்பனாருக்கு அரை மணி நேரம் பெரிது என்பதை நாம் அறிவோம். முகுந்தனின் தகப்பனார் நாள்தோறும் அவனுக்கு எழுத்துக் கற்பிக்க ஒரு மணி நேரம் செலவிடத் தயாராயிருந்தவர்தாம். அதில் வாரத்துக்கு அரை மணி நேரத்தை மட்டும் மாற்றி, புலியும் பாம்பும் ரயிலும் இருக்கும் அந்தப் பாயின் ஓரத்தில் அமர்ந்து, வாயைத் திறந்து எதையும் கற்பிக்காமல், மகன் என்ன சொல்கிறான் என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

"ஏன் இப்படிச் செய்கிறாய்?" என்று நாம் கேட்ட கேள்விக்கு அவன் விடை சொல்லத் தொடங்கும் இடம் அதுதான். அவ்விடை சொற்களால் வராது. பொம்மைகளால் வரும், பொறுமையுடன் அருகில் இருப்பவருக்கு மட்டுமே விளங்கும்.